கிரிஜா மேடம் தமிழில் சொன்னது

புனேயில் இரண்டு தமிழர்கள் ஒரு லிஃப்டுக்குள் ஏறினால் மற்றவர்கள் எல்லோரும் அந்த நிமிடமே காணாமல் போய்விடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் தொப்பை, எதிரே நிற்பவளின் லிப்ஸ்டிக், மூன்றாம் மாடி டாக்டரின் கஞ்சத்தனம் என்று எதையும் அவரவர் முகத்துக்கு நேராகவே பேசிக்கொள்ளலாம். குரலைத் தாழ்த்த வேண்டியதுகூட இல்லை, முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டால் போதும். கிரிஜாவுக்கு இந்த வித்தை கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதிலேயே கைவந்துவிட்டது. கோந்த்வா காய்கறிக் கடையில் கணவர் விச்சுவோடு நின்றுகொண்டு, கடைக்காரன் காதுபடவே, "இவன் தக்காளி எல்லாம் போன வாரத்துது, வாங்கோ போலாம்" என்பாள். அவன் சிரித்தபடி கொத்தமல்லியைக் கொசுறாக நீட்டுவான்.

இத்தனை வருஷத்தில் மராத்தி பேச அவள் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டு வேலைக்கு வருபவள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எல்லாம் புரியும். பதில் மட்டும் ஹிந்தியில்தான் வரும். கல்லூரியில் எல்லோரும் கிரிஜா மேடத்துக்கு மராத்தி சுத்தமாகத் தெரியாது என்றே நினைத்திருந்தார்கள். அவளும் திருத்தவில்லை. அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது.

புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், பிள்ளைகளுக்கு வேலை வாங்கித்தரும் பிரிவில் அவள் இருந்தாள். எமோஷனல் இன்டெலிஜென்ஸ் அவளுடைய பாடம். தமிழில் உணர்வறிவு எனலாம். கிரிஜா அதைத் தமிழில் ஒருநாளும் சொன்னதில்லை. தோற்றால் எப்படி எழுவது, மேலதிகாரி திட்டினால் எப்படி வாங்கிக்கொள்வது, பக்கத்தில் இருப்பவன் வாடியிருந்தால் அதை எப்படிக் கண்டுகொள்வது என்றெல்லாம் வகுப்பெடுப்பாள். மார்க்கை வாரிக் குவித்த பிள்ளைகள்கூட வேலைக்குப் போன வேகத்தில் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவதால், கம்பெனிகளும் இப்போது இதைத்தான் விசாரிக்கின்றன. மற்ற வாத்தியார்கள் முதுகுக்குப் பின்னால் 'அழுகை டிபார்ட்மென்ட்' என்று கிண்டல் செய்வார்கள். தங்கள் சொந்தப் பிள்ளைகள் இன்டர்வியூவில் தோற்று வந்தால் சத்தமில்லாமல் அவளிடம்தான் அனுப்புவார்கள்.

அவள் அறையில் ஒரு சோபா, ஒரு டிஷ்யூ பெட்டி, சுவரில் ஓர் அட்டை. 'இங்கே சொல்வது இங்கேயே இருக்கும்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை அவளே வாங்கி, லேமினேட் செய்து, நாற்காலி மேல் ஏறி ஒட்டினாள். பொய்யாக ஒட்டவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கதை போகிற போக்கில் அவளைக் கெட்டவள் என்று ஒரேயடியாக முடிவுகட்டுவது ரொம்ப சுலபம்.

அந்த சோபாவில் போன வருஷம் வந்து உட்கார்ந்தவள் ஸ்நேஹா பவார். மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம். நன்றாகப் படிக்கிற பெண், திடீரென்று ஒரு பேப்பரில் தவறிவிட்டாள், மற்றதை எழுதவே போகவில்லை. என்ன என்று கிரிஜா கேட்டதும் உடைந்துபோனாள். ஹிந்தியும் ஆங்கிலமுமாக விஷயம் வெளியே வந்தது. கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அவள் அம்மாவின் வலது கை மெஷினில் மாட்டி, விரல்கள் போய்விட்டன. அப்பா அதற்கு முன்பே நாசிக்கில் வேறொரு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஊட்டிவிட்டதும் தலை வாரிவிட்டதும் ஸ்நேஹாதான். பரீட்சை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

அம்மாவுக்கு இது வெளியே தெரிந்தால் பிடிக்காது என்றும் சொன்னாள். கடைக்குப் போனாலும் கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டுதான் போகிறாளாம். கல்லூரியில் யாருக்கும் தெரியாது, உங்கள் ஒருவரிடம்தான் சொல்கிறேன் மேடம் என்றாள். கிரிஜா சுவரில் இருந்த அட்டையைக் காட்டினாள்.

நடுவில் கிரிஜாவின் ஃபோன் அடித்தது. சென்னையிலிருந்து அவள் தங்கை. "இங்க ஒண்ணு அழுதுண்டு உக்காந்திருக்கு. முடிஞ்சதும் நானே பண்றேன்" என்று சொல்லி வைத்தாள். ஸ்நேஹா தலையைத் தூக்கி ஒரு கணம் அவளைப் பார்த்தாள், பிறகு டிஷ்யூவை மடிக்க ஆரம்பித்தாள். ஃபோன் அடித்ததால் பெண்ணுக்கு அழுகை நின்றுவிட்டது, நல்லதுதான் என்று கிரிஜா நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தப் பெண்ணுக்காக அலைந்ததும் உண்மை. துறைத் தலைவரிடம் பேசி, கெஞ்சி, மறுபடி எழுத அனுமதி வாங்கிக்கொடுத்தாள். ஸ்நேஹா எல்லாவற்றையும் எழுதி நல்ல மார்க்கோடு தேறினாள். கிரிஜா தனக்குத்தானே தட்டிக்கொடுத்துக்கொள்ளும் காரியங்களில் அதுவும் ஒன்று.

இந்த வருஷம் தளேகாவிலிருந்து பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஆள் எடுக்க வந்தது. பெங்களூர், குர்காவ்ன் என்று எத்தனையோ கம்பெனிகள் வந்தாலும் ஸ்நேஹா காத்திருந்தது இதற்குத்தான். கசார்வாடியில் லோக்கல் ரயில் ஏறினால் நேராகத் தளேகாவ். காலையில் சமைத்து, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு வேலைக்குப் போகலாம், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு இது ஒன்றுதான் மேடம் என்று முந்தின வாரம்கூட கிரிஜாவிடம் சொல்லியிருந்தாள்.

அந்தக் கம்பெனியின் மனிதவள அதிகாரி சங்கரன். கும்பகோணத்துக்காரர். அவர் வருகிற அன்று கிரிஜா வீட்டிலிருந்து டிகாக்‌ஷன் எடுத்துக்கொண்டு போவாள். காலை முழுவதும் பிள்ளைகள் வந்து போய்க்கொண்டிருக்க, இருவரும் அவர்கள் தலைக்கு மேலாகவே தமிழில் பேசிக்கொள்வார்கள். இவன் டை யாருதோ, கடன் வாங்கிக் கட்டிண்டு வந்திருக்கான் என்பார் சங்கரன். பேசறச்சே காது ஆடறது பாருங்கோ என்பாள் கிரிஜா. எதிரில் இருக்கும் பையன் இரண்டு பெரியவர்களும் தன்னைப் பார்த்துப் புன்னகைப்பதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு தானும் சிரிப்பான்.

போன முறை தங்கமான பையன் என்று அவள் கைகாட்டிய ஒருவன் தீபாவளிக்குள் வேலையை உதறிவிட்டு ஓடிவிட்டான். உங்க தங்கம் பித்தளையாப் போயிடுத்தே என்று சங்கரன் வந்ததும் வராததுமாகக் குத்திக்காட்டினார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கிரிஜாவுக்குச் சுருக்கென்றது. இந்த முறை யாரையும் வாய்க்கு வந்தபடி புகழ்ந்துவிடக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

ஸ்நேஹா வந்து உட்கார்ந்தாள். சங்கரனுக்கு ஒரு பக்கம் கம்பெனியின் மராத்திக்கார எஞ்சினியர், மறுபக்கம் கல்லூரி சார்பாக கிரிஜா. பிரேக் போடும்போது வண்டி ஏன் அதிர்கிறது என்று எஞ்சினியர் கேட்க, ஸ்நேஹா காகிதத்தில் படம் போட்டே விளக்கினாள். எஞ்சினியர் மனமாரத் தலையாட்டினார். சங்கரன் விண்ணப்பத்தின் பக்கத்தைப் புரட்டியபடி, தலையைத் தூக்காமலே, இது எப்படி, ஸ்டெடியா என்று தமிழில் கேட்டார்.

கிரிஜா ஸ்நேஹாவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே சொன்னாள்: "மார்க்கெல்லாம் நன்னா இருக்கு. ஆனா சட்டுனு ஒடஞ்சு போயிடும். போன வருஷம் என் ரூம்ல வந்து ஒரே அழுகை. அம்மாவுக்கு பிரஸ்ல மாட்டி கை போயிடுத்து, அப்பா விட்டுட்டுப் போயிட்டான். ஷிஃப்டு, ப்ரெஷர் எல்லாம் தாங்குமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. உங்களுக்காகச் சொல்றேன்."

அவ்வளவுதான். சொல்லி முடிக்க காபியில் சர்க்கரை கலக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஸ்நேஹா தன் கைகளைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து சங்கரனைப் பார்த்தாள்.

சங்கரன் ஆங்கிலத்துக்கு மாறி, நெருக்கடி வந்தால் எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார். ஸ்நேஹா படம் போட்ட காகிதத்தை ஒதுக்கி வைத்தாள். எதிரில் இருப்பவர் தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்று முதலில் பார்ப்பேன் என்றாள். பெரும்பாலும் தெரியாமல்தான் செய்கிறார்கள், அது புரிந்துவிட்டால் பிறகு வேலையைப் பார்க்கலாம். நல்ல ஆங்கிலம், நிதானமான குரல். நம் வகுப்பு வீண்போகவில்லை என்று கிரிஜாவுக்கு உள்ளூர ஒரு பூரிப்பு.

எல்லாம் முடிந்து ஸ்நேஹா எழுந்தாள். சங்கரனுக்கும் எஞ்சினியருக்கும் நன்றி சொன்னாள். சங்கரன் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். ஸ்நேஹா நாற்காலியை உள்ளே தள்ளுகிற சாக்கில் கிரிஜாவின் பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"போயிட்டு வர்றேன் மேடம்."

தமிழ் வீட்டில் பிறந்த பெண் வாசலைத் தாண்டும்போது சொல்லும் அதே சொல், அதே இழுவை. கோபமோ நக்கலோ அதில் இல்லை. கதவு மூடிய பிறகும் கிரிஜா மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரன், அடுத்தது யாரு, என்றார்.

அவளுக்குத் தமிழ் தெரியும் என்று அப்போதே சங்கரனிடம் சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு வேளையில் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். சாப்பாட்டு வேளையில் சங்கரன் தன் சம்பந்தி வீட்டுக் கதையை எடுத்துவிட்டார். அதற்குள் எஞ்சினியர் வந்து உட்கார்ந்தார். பிறகு அடுத்த பையன் வந்தான். ஒரு வேளை நாம் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லையோ, நாமே கிளறி நினைவுபடுத்தினால் அதுவே வினையாகிவிட்டால் என்று தனக்குச் சாதகமாக ஒரு நியாயமும் கண்டுபிடித்தாள். சொல்ல வெட்கமாக இருந்தது என்பதுதான் நிஜம். சாயங்காலம் பெயர்களைப் படித்தார்கள். ஸ்நேஹா பவார் அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து விச்சுவிடம் சொன்னாள். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். முழுவதும் கேட்டுக்கொண்டார். அந்தப் பேரைப் பார்த்தா மராத்திப் பொண்ணுன்னுதானே யாரும் நினைப்பா, நேக்கு எப்படித் தெரியும் என்று கிரிஜா இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அவளுக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்சிருந்தா நீ சொல்லிருப்பியா?"

"எப்படிச் சொல்லுவேன்?"

"அப்போ அவளுக்குத் தமிழ் தெரியாம இருந்திருந்தா, நீ பண்ணது சரியா?"

கிரிஜா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். குக்கரைத் திறந்தாள், மூடினாள். அந்தக் கேள்வி அன்று அவள் தட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு அவளைச் சாப்பிட விடவில்லை.

மறுநாள் காலை சங்கரனுக்கு ஃபோன் செய்தாள். அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியும் என்றதும் அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. கிரிஜா விடாமல் பேசினாள். நான் சொன்னதை எல்லாம் காதால் கேட்டுக்கொண்டு, முகம் சுளிக்காமல் உட்கார்ந்து, உங்கள் கேள்விக்குப் பதிலும் சொன்னாளே, அதைவிட ஸ்டெடியாக ஆள் வேண்டுமா என்று கேட்டாள். அவளை மறுபடி கூப்பிடுங்கள் என்று கெஞ்சினாள்.

"நீங்க சொல்றது நியாயம்தான்," என்றார் சங்கரன். "ஆனா இனிமே எப்படி எடுக்கறது? தினம் கான்டீன்ல அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

கிரிஜாவால் அவரைத் திட்ட முடியவில்லை. அவளும் அன்று காலை ஸ்நேஹாவின் வகுப்பு இருக்கும் தாழ்வாரத்தைத் தவிர்த்துவிட்டு, சுற்றிக்கொண்டுதான் தன் அறைக்கு வந்திருந்தாள். அடிபட்டவளை ஆளாளுக்கு இப்படி ஒதுக்கினால் அவள் எங்கேதான் போவாள் என்று நினைத்தாள். அட்டைக்குக் கீழே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வெளியே வந்து ஸ்நேஹாவை ஃபோனில் கூப்பிட்டாள். உன் வீட்டுக்கு வரட்டுமா என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவளிடம் தமிழில் கேட்டாள்.

கசார்வாடி ஸ்டேஷனுக்கு வெளியே ஸ்நேஹா வந்து நின்றிருந்தாள். பழைய மும்பை நெடுஞ்சாலையைத் தாண்டி இருவரும் பட்டறைச் சந்துக்குள் நடந்தார்கள். இரண்டு பக்கமும் மெஷின்கள் தடதடத்தன. ஒவ்வொரு அடி விழும்போதும் கிரிஜாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஸ்நேஹா அதற்குப் பழகியவளாக நடந்தாள்.

தெரியாமல் போய்விட்டது, மன்னித்துவிடு என்று கிரிஜா ஆரம்பித்தாள். தமிழ் தெரியும் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றும் கேட்டாள். கேட்ட பிறகுதான், குற்றத்தில் பாதியை அந்தப் பெண்ணின் தலையில் கட்டப் பார்க்கிறோம் என்று உறைத்தது.

"எங்கம்மா தமிழு, மேடம். தாத்தா கிர்க்கி வெடிமருந்து ஃபேக்டரில வேலைக்கு இருந்தாரு. எனக்கு எழுதப் படிக்க வராது, பேசத் தெரியும்," என்றாள் ஸ்நேஹா. "போன வருஷம் உங்க ரூம்ல வந்தப்பவே சொல்லலாம்னு இருந்தேன். நீங்க ஃபோன்ல, இங்க ஒண்ணு அழுவுதுன்னு சொன்னீங்க. அப்புறம் சொல்லத் தோணல."

கிரிஜாவுக்கு அந்த ஃபோன் நினைவிலேயே இல்லை. இப்போது வந்தது. டிஷ்யூவை மடித்த விரல்களும் நினைவுக்கு வந்தன.

"அன்னிக்கு இன்டர்வியூல ஏன் மெதுவா சொன்னே? சத்தமா சொல்லிருக்கலாமே. அவரும் கேட்டிருப்பாரே."

"அவருக்குத் தெரிஞ்சா உங்களுக்கு அசிங்கம் இல்லையா? உங்களுக்குத் தெரிஞ்சா போதும்னு தோணுச்சு."

கிரிஜா நின்றுவிட்டாள். இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிற எந்த வகுப்பிலும் இப்படி ஒரு பதிலை அவள் சொல்லிக்கொடுத்ததில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கே அழுதால் இந்தப் பெண் தன்னையே தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று பயந்து அடக்கிக்கொண்டாள்.

சாகனில் இருக்கும் கம்பெனி ஒன்று அடுத்த வாரம் வருகிறது, இரண்டு பஸ் மாற வேண்டும், பரவாயில்லை என்றாள் ஸ்நேஹா. அந்த இன்டர்வியூவில் நீங்கள் உள்ளே உட்கார வேண்டாம் மேடம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். சரி என்றாள் கிரிஜா. வீட்டு வாசல் தெரிந்ததும் ஸ்நேஹா நின்று, இன்னொன்றையும் கேட்டாள்.

"அம்மாகிட்ட, கிடைக்கலன்னு மட்டும்தான் சொல்லிருக்கேன். கையப் பத்தி அங்க பேசினது அம்மாவுக்குத் தெரிய வேணாம். அதை மட்டும் சொல்லிடாதீங்க மேடம்."

சொல்ல மாட்டேன் என்று கிரிஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

ஒற்றை அறை வீடு. ஸ்நேஹாவின் அம்மா பானு கதவைத் திறந்தபோது வலது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது. மேடம் தமிழ் பேசுகிறாள் என்று தெரிந்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. "எங்க பொண்ணு சொல்லவே இல்லியே நீங்க தமிழுன்னு! வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்தாள். இந்தச் சந்தில் தமிழ் பேச ஆளே இல்லை என்றாள். போன வருஷம் மேடம் மட்டும் இல்லையென்றால் இவள் படிப்பையே விட்டிருப்பாள், தினமும் உங்கள் பேச்சுத்தான் என்றாள். பேசுகிற ஆர்வத்தில் அவளுக்குத் தலைப்பு நழுவியதே தெரியவில்லை. பிஸ்கட் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி கிரிஜாவிடம் நீட்டினாள். கட்டைவிரலும், மற்ற விரல்களின் அடிக்கணுக்களும் மட்டும் இருந்த அந்தக் கை தட்டின் அடியில் முட்டுக்கொடுத்திருந்தது. சொந்தக்காரர்கள் எதிரில் இருப்பதுபோல அவள் அதை மறைக்க மறந்திருந்தாள்.

"எங்க பொண்ணு எதுல கம்மின்னு அந்த வேலைக்கு எடுக்கல, மேடம்? நீங்கதான அங்க இருந்தீங்க. இன்னா சொன்னாங்க?"

ஒன்றுமில்லை, அடுத்தது கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண் வாசலில் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் கிரிஜாவுக்கு அந்தப் புகழ்ச்சியைத் தாங்க முடியவில்லை. நல்லவள் நல்லவள் என்று இவள் இன்னும் நாலு வார்த்தை சொன்னால் மூச்சு முட்டிவிடும் போலிருந்தது. உண்மையைச் சொன்னால் இவள் நாலு திட்டாவது திட்டுவாள், நெஞ்சில் இருக்கிற பாரம் கொஞ்சம் இறங்கும். ஸ்நேஹா அவளைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தாள். கிரிஜா அதைப் பார்த்தாள், பார்த்தும் வாயைத் திறந்துவிட்டாள்.

"குறை அவகிட்ட இல்லம்மா, எல்லாம் என் வாய்தான். அவ எதிர்ல உக்காந்திருக்கறச்சேயே, இவளுக்குப் புரியாதுன்னு நினைச்சு, உங்க கை போனது, அவ அப்பா போனது, எல்லாத்தையும் அவாகிட்ட நான் சொல்லிட்டேன். அதனாலதான் எடுக்கலை. என்னை மன்னிச்சிடுங்கோ."

பானு திட்டவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். அந்தக் கை மெதுவாகப் புடவைத் தலைப்புக்குள் திரும்பிப் போயிற்று. தலைப்பை ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டாள். ஸ்நேஹா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்டர்வியூவில் கலங்காத முகம் இப்போது கலங்கியிருந்தது. கிரிஜாவுக்கு நெஞ்சில் பாரம் இறங்கத்தான் செய்தது. இறங்கி யார் தலையில் உட்கார்ந்தது என்று எதிரிலேயே தெரிந்தது.

மேடத்துக்கு மராத்தி தெரியாது என்று மகள் சொல்லிக் கேட்டிருந்த பானு, அவள் பக்கம் திரும்பி மராத்தியில் பேசினாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமல் பேசினாள். என் கையைப் பற்றியா அந்த ஆம்பிளைகளிடம் சொன்னாள் என்று கேட்டாள். ஸ்நேஹா ஆமாம் என்றாள். அன்றைக்கு வந்து நீ சாப்பிடாமல் படுத்தது இதற்குத்தானா என்று கேட்டாள். ஸ்நேஹா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பானு சொன்னாள்: வீடு தேடி வந்துவிட்டாள், டீ கொடுத்து அனுப்பு. இனிமேல் இவள் முன்னால் உட்கார்ந்து அழாதே.

எல்லாச் சொல்லும் கிரிஜாவுக்குப் புரிந்தது. அவள் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். எதுவும் புரியாதவள்போல முகத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் இதைச் செய்துகொண்டே பிரேக்கைப் பற்றிப் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். புரிந்தது என்று இவர்களிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் யாருக்கு நல்லது என்று இந்த முறை யோசித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்நேஹா டீ கொண்டுவந்து கொடுத்தாள். சூடு ஆறும்வரைகூடக் காத்திராமல் கிரிஜா அதைக் குடித்து முடித்தாள். வெளியே மெஷின் தடதடத்துக்கொண்டே இருந்தது. டம்ளரைத் தானே எடுத்துப்போய்த் தொட்டியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினாள்.

"போயிட்டு வரேம்மா," என்றாள்.

பானு தலையாட்டினாள். ஆட்டோ ஸ்டேஷன் பக்கம் கிடைக்கும் மேடம் என்று ஸ்நேஹா வழி காட்டினாள். போயிட்டு வாங்க என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. சந்து திரும்பும்வரை கிரிஜா அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள்.